நசுக்கினால் சுத்தமாம்!

நேற்றைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: கோடில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் கிட் (Git). ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், தனியாகப் பிரிந்து வேலை செய்யும் கிளை பிராஞ்ச், அதை மெயின் என்ற முதன்மைக் கிளையில் சேர்ப்பது மெர்ஜ், அந்தச் சேர்ப்பைப் பதிவது மெர்ஜ் கமிட். "மெர்ஜ் கமிட் எல்லாம் குப்பை, ஹிஸ்டரி நேர்கோடா இருக்கணும்" என்று தீர்ப்பு சொல்லி, பல பேர் மாதக்கணக்கில் வேலை பார்த்த பிராஞ்சை ஒரே கமிட்டாக நசுக்கி (அதுதான் ஸ்குவாஷ்) மெயினில் ஏற்றியாகிவிட்டது. கைதட்டல் வேறு.

ஸ்குவாஷே கூடாது என்று நான் சொல்லவில்லை, திரிக்காதீர்கள். ஒருத்தர் மட்டும் கைவைத்த சின்ன பிராஞ்சா, தாராளமாக நசுக்குங்கள். "டைப்போ சரிசெய்தேன்", "மறுபடியும் டைப்போ" கமிட்டெல்லாம் யாருக்கு வேண்டும்? பல பேர் கைபட்ட பிராஞ்ச் அப்படியில்லை. ஸ்குவாஷ் கமிட்டுக்கு ஒரே பேரன்ட்தான், அதாவது மெயினில் அதற்கு முந்தைய கமிட் மட்டும். அந்த பிராஞ்ச் மெயினில் சேர்ந்த சங்கதியே கிட்டுக்குத் தெரியாது. அதிலிருந்து பிரிந்த இன்னொரு பிராஞ்சை நாளைக்கு மெர்ஜ் செய்யுங்கள், ஏற்கனவே உள்ளே போன மாற்றங்களே ஒன்றோடொன்று மோதி கான்ஃபிளிக்ட்டாக வந்து நிற்கலாம்.

ஒரு தடவை பைசெக்ட் (பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் கட்டளை) போட்டு ஒரு பிழையைத் தேடினேன். பைசெக்ட் ஒழுங்காக வேலை செய்து ஒரு கமிட்டைக் காட்டியது. திறந்தால் நூற்றுக்கணக்கான ஃபைல்கள். யாரோ "சுத்தமாக" ஸ்குவாஷ் செய்த கமிட். விடிய விடிய படித்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையில் சமக்குறி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"லாக் (கமிட் பட்டியல்) சிக்கலா தெரியுதே" என்பார்கள். மெயின் வழியை மட்டும் காட்டும் ஃபர்ஸ்ட் பேரன்ட் ஆப்ஷன் போட்டுப் பாருங்கள், உங்கள் நேர்கோடு கிடைக்கும். "ரிவர்ட் செய்ய, அதாவது சேர்த்ததை ரத்து செய்ய, ஸ்குவாஷ்தான் சுலபம்." மெர்ஜ் கமிட்டையும் ரிவர்ட் செய்யலாம் ஐயா, எந்தப் பேரன்ட் பக்கம் என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு அதே பிராஞ்சை மறுபடி சேர்க்க அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும், தெரியும், அதை விடுங்கள். "ரீபேஸ் செய்திருக்கலாமே?" கமிட்டுகளை மெயினின் நுனியில் புதிதாக எழுதி அடுக்குவதுதான் ரீபேஸ். எல்லோரும் தங்கள் கணினிக்கு இழுத்து வைத்திருக்கும் பிராஞ்சில் ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி) மொத்தத்தையும் மாற்றிவிட்டு நீங்கள் தூங்கப் போய்விடுவீர்கள், நாங்கள் உட்கார்ந்து சரிசெய்வோம். லினக்ஸ் கெர்னல் ஹிஸ்டரியில் மெர்ஜ் கமிட் ஏராளம். 66 பேரன்ட் உள்ள மெர்ஜ்கூட ஒன்று உண்டு. லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதைக் கிண்டலடித்தார், ஆனாலும் உள்ளே விட்டார்.

சரி, டெக்னிக்கலாகவே எத்தனை நேரம் பேசுவது? இப்போது பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) போட்டால் அந்த பிராஞ்சில் வந்த எல்லா வரியிலும் ஒரே பெயர். கமிட் பட்டனைத் தட்டியவர் பெயர். கமிட் குறிப்பில் கூட எழுதியவர்களைச் சொல்லும் கோ ஆதர்டு வரி என்று ஒன்று இருக்கிறதே, எழுதிய எங்கள் பெயரை அதிலாவது போட்டிருக்கலாம். கேட்டால் "இதுக்கெல்லாமா ஈகோ?" என்று ஒரு சிரிப்பு எமோஜி.

நேற்று ராத்திரி அதே கோடில் பிழை வந்தபோது மட்டும் அழைப்பு சரியாக எனக்குத்தான் வந்தது.