வசனத்தை எறிய வேண்டாம், சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்

பாளையங்கோட்டையில் இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், வழியில் ஏதாவது ஒரு காம்பவுண்டு சுவரில் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பைபிளில் ரோமர் நிருபம் என்ற கடிதத்தில் அந்த வசனம் அங்கே முடியவில்லை. "தேவனுடைய கிருபைவரமோ" என்று அடுத்த பாதி தொடங்குகிறது. நற்செய்தியே அந்தப் பாதியில்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் சுவரில் விட்டுவிடுகிறோம். பைபிளை ஒருநாளும் திறந்து பார்த்திராத ஒருவர், அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அந்தச் சுவரைக் கடந்து போகிறார் என்று வையுங்கள். அவருக்கு அது என்ன சொல்லும்?

நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள். இயேசுவை எல்லோரும் அறிய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அந்த ஆசை இருப்பதால்தான் சொல்கிறேன்: ரயிலில் தூங்குகிறவர் மடியில் வசனம் அச்சடித்த கைப்பிரதி வைத்துவிட்டுப் போவதும், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர் கட்டிலருகே போய் "ஏற்றுக்கொண்டால் சுகம் கிடைக்கும்" என்று ஜெபிப்பதும், ஊர்க் கோயில் கொடை நடக்கும் நேரம் பார்த்துத் தெருமுனையில் மைக் கட்டுவதும் நற்செய்தி சொல்வது ஆகாது. பிற மதத்தார் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம், அவருக்கு விருப்பம் இருந்தால், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சுவிசேஷப் புத்தகத்தை முதல் அதிகாரத்தில் இருந்து கடைசி வரை அவரோடு உட்கார்ந்து வாசிப்பது. முழுசாக, நிதானமாக, அவர் கேட்கிற கேள்விகளோடு.

இது புதிதாக நான் கண்டுபிடித்த வழி இல்லை. பைபிளின் அப்போஸ்தலர் புத்தகம் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்துக்கொண்டு போகிறார். ஆதிச் சபையின் ஊழியரான பிலிப்பு ஓடிப்போய் என்ன கேட்கிறார்? "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" ஒரே ஒரு கேள்வி. அந்த மனிதர் "ஏறி உட்காரும்" என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் பிலிப்பு ரதத்தில் ஏறுகிறார். பேச்சு எங்கே தொடங்குகிறது என்றால், அந்த மந்திரி அப்போது வாசித்துக்கொண்டிருந்த அதே வாக்கியத்தில் இருந்து. இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ மிஷனரி ஞாயிறு பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பிலிப்பு ஓடியதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அழைப்புக்குக் காத்திருந்ததைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை ஒரு வருடமும் விடாதவர். "உங்க புஸ்தகத்துல அப்படி என்னதாம்ளா இருக்கு" என்று அவராகக் கேட்டார். மாற்கு எழுதிய சுவிசேஷத்தை எடுத்தோம். பதினாறே அதிகாரம், கதை வேகமாகப் போகும். மத்தியானம் தையல் ஓய்கிற நேரத்தில் ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிப்போம்.

ஐந்தாம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள ஸ்திரீ வருகிறாள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கு, கையில் இருந்த காசெல்லாம் வைத்தியருக்கே போய்விட்டது. நான் சின்ன வயதில் இருந்து கேட்ட எல்லாப் பிரசங்கமும் "அவள் விசுவாசித்தாள், தொட்டாள், சுகமானாள்" என்று முடிந்துவிடும். அக்கா கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பன்னெண்டு வருசமா தீட்டுன்னு ஒதுக்கி வச்சிருப்பாவல்லா? அவளுக்கு யாருளா சோறு போட்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய ஏற்பாட்டில் தீட்டுச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமம் 15-ஐத் திறந்து காட்டினேன். அவள் உட்கார்ந்த இடமும் தீட்டு, அவளைத் தொட்டவனும் சாயங்காலம் வரை தீட்டு என்று இருக்கிறது. அக்கா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மாற்குவுக்குத் திரும்பி, "அதான் அத்தன பேருக்கு முன்னால யாரு தொட்டான்னு கேக்காரு. சும்மா உட்டா ஊரு நம்பாதுல்லா. மகளேன்னு வேற கூப்பிடுதாரு" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பகுதிக்கு அவ்வளவு நல்ல விளக்கத்தை நான் பிரசங்க மேடையில் இருந்து கேட்டதில்லை. வீட்டில் மூன்று நாள் தனியாக உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அந்த வரி எங்கே போய்த் தைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏழாம் அதிகாரம் அவருக்குக் கோபத்தை உண்டாக்கியது. யூதரல்லாத சீரோபேனிக்கியப் பெண் தன் மகளுக்காகக் கெஞ்சும்போது, பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிறார் இயேசு. "இவரும் இப்படிப் பேசுவாரா?" என்று புத்தகத்தை மூடிவிட்டார். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பாய்ந்து விளக்கம் கொடுப்பார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரே விட்ட இடத்தில் இருந்து எடுத்தார். அந்தப் பெண் மேஜையின் கீழே விழும் துணிக்கைகளைச் சொல்லி வாதாடுகிறாள். "நீ சொன்ன இந்த வார்த்தையினிமித்தம் போகலாம்" என்று இயேசு அவள் வேண்டியதைக் கொடுக்கிறார். "வேத்து ஊர்க்காரி வாதாடி ஜெயிச்சிட்டா" என்றார் அக்கா. கோபம் முழுக்கத் தீர்ந்ததா என்றால், இல்லை. அது அப்படியே இருக்கட்டும். புரியாத இடத்தை மழுப்பி அவர் கையில் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

எங்கிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். லண்டனில் படித்த காலத்தில் காந்தி ஒருவர் பேச்சைக் கேட்டு முழு பைபிளையும் வாங்கி ஆதியாகமத்தில் இருந்து தொடங்கினார். பழைய ஏற்பாட்டின் அதிகாரங்கள் தன்னைத் தூங்க வைத்தன என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். புதிய ஏற்பாட்டில் இயேசுவின் மலைப்பிரசங்கமோ நேராக நெஞ்சில் போய்த் தங்கியது என்கிறார். ஆகவே தடிமனான பைபிளைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். தனித்தனிச் சுவிசேஷங்களை வேதாகமச் சங்கம் சின்னப் புத்தகமாகவே போடுகிறது. அது போதும்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் செய்ததை நாம் மறந்துவிட்டோம். தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், இங்குள்ள சைவர்களிடமும் வைணவர்களிடமும் கேள்வி கேட்டுக் கடிதங்களாகப் பதில் வாங்கினார், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஜெர்மனியில் இருந்த அவருடைய மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அடுத்தவரின் நம்பிக்கையை அறிந்துகொள்ள முயன்ற ஊழியரைச் சந்தேகமாகப் பார்ப்பது அப்போதே இருந்திருக்கிறது.

எனக்கும் அந்தச் சந்தேகப் பார்வை கிடைத்தது. அக்கா தன் வீட்டுத் திருவாசகத்தைக் கொடுத்து "நீயும் வாசி" என்றார். வாசித்துக்கொண்டிருக்கிறேன். "இதெல்லாம் தேவையா?" என்று சபையில் ஒருவர் கேட்டார். தேவைதான். என் புத்தகத்தை அவர் மரியாதையோடு வாசிக்கும்போது அவருடைய புத்தகத்தை நான் தொடமாட்டேன் என்றால், அவர் என்னை எதற்கு நம்ப வேண்டும்? மிஷனரியாக இங்கே வந்த ஜி.யு. போப் திருவாசகம் முழுவதையும் 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதனால் அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சபையில் அடுத்ததாகக் கேட்பது, "சரி, அக்காவுக்கு எப்போது ஞானஸ்நானம்?" இந்தக் கேள்விதான் எனக்கு வருத்தம் தருகிறது. சமஸ்கிருத அறிஞரான பண்டித ரமாபாய், அசாமில் தன் கணவர் வீட்டில் கிடைத்த லூக்கா சுவிசேஷத்தை வாசிக்கத் தொடங்கினார். 1883-இல் ஞானஸ்நானம் பெற்றார், பிற்பாடு பைபிளை மராத்தியில் மொழிபெயர்த்தார். உண்மை, அதற்காக தேவனைத் துதிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரும் வாசித்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணையாக வரிவரியாக உழைத்தார். நம்மில் பலர் வாழ்நாளில் வாசிக்காத அளவுக்கு வாசித்தவர் அவர். கடைசிவரை சைவராகவே இருந்தார். அதோடு நிற்காமல், 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதி, மிஷனரிகளுக்கு அவர்களுடைய பைபிளில் இருந்தே பதில் சொன்னார். அவருக்கு வாசிக்கக் கொடுத்தது வீண் என்று என்னால் சொல்ல முடியாது. விதைப்பது நம் வேலை. முளைக்கிறதும் முளைக்காததும் நம் கணக்கில் வராது.

இந்து நண்பர்கள் சிலர் இதையும் மதமாற்றத் தந்திரம் என்று நினைக்கலாம். அவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். என் ஆசையை அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், அவர் வீட்டுக்காரருக்கும் தெரியும். அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை இல்லை என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பைப் பற்றி நம் ஆட்களுக்குப் பல வருத்தங்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஒருவருடைய மனதை மாற்றுகிற உரிமை எனக்கு வேண்டவே வேண்டாம். அது பரிசுத்த ஆவியானவருடைய காரியம். பண உதவியோடு சேர்த்துப் பைபிளை நீட்டுவது, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளை உட்கார வைத்து ஜெபிக்க வைப்பது, நோயாளியின் பயத்தைப் பயன்படுத்துவது, இவற்றை யார் செய்தாலும் நாமே முதலில் எழுந்து தடுக்க வேண்டும்.

அடுத்த சபைக் கமிட்டியில் கைப்பிரதி அச்சடிக்கும் செலவு பேச்சுக்கு வரும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். ஆயிரக்கணக்கில் அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் காலடியில் மிதிபட விடுவதற்குப் பதிலாக, சபையில் நாலு பேரை ஒரு சுவிசேஷத்தை ஒழுங்காக வாசிக்கவும், கேள்வி வந்தால் "எனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லவும் பழக்குங்கள். அந்த நாலு பேரும் தாங்களே மாற்குவை ஒருமுறை முழுசாக வாசித்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.