தண்ணி போட்டவன் இல்லை, செம்பு ஏறியவன்

நேற்று காலை டவுனில் கோப்பிக்கடைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல தே ஓ ஐஸ் புங்குஸ், அதாவது பால் இல்லாத ஐஸ் தேநீர், பொட்டலமாக, என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் ஸ்ட்ரா போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, உட்கார்ந்து குடிக்கிறதுக்கு எதுக்குப் பொட்டலம்?" என்றார். கை நடுங்கும் ஐயா, கிளாஸில் வாங்கினால் பாதி மேசைக்குத்தான் என்றேன். என் பேச்சு குழறுவதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "காலையிலேயேவா?"

பதினைந்து வருஷமாக இதே கேள்விதான். எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்கு என்னைக் குடிகாரனாகத்தான் தெரியும். நான் பீர்கூட தொட்டதில்லை, தொடவும் கூடாது, என் ஈரல் ஏற்கெனவே அடி வாங்கியது.

எனக்கு இருப்பது வில்சன் நோய். சாப்பாட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் செம்புச் சத்து போகிறது, உடம்புக்கு அது வேண்டும். மிச்சத்தை ஈரல் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். ஒரு மரபணுக் கோளாறால் என் ஈரலுக்கு அந்த வேலை சரியாக வராது. செம்பு முதலில் ஈரலில் தேங்கி, அப்புறம் மூளை, கண் என்று போய் உட்கார்ந்துகொள்ளும். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் என்கிறார்கள். வேலை செய்வது செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையின் எடைப்பாலத்தில், உடம்பில் ஏறியது செம்பு. பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

19 வயதில் ஆரம்பித்தது. கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சுருங்கியது, எச்சில் வடிந்தது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். காதல் தோல்வி என்றார் ஒரு மாமா, கஞ்சா என்றார் இன்னொருவர். அம்மா கோயில் கோயிலாகக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். ஒரு கிளினிக்கில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் ஒரு கண் டாக்டர் என் கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் ஓடுவதைப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரை ஆரம்பித்த பிறகு நடை வந்துவிட்டது. பேச்சும் கையும் முழுசாகத் திரும்பவில்லை.

இதையெல்லாம் சொன்னால் ஆளுக்கு ஆள், "உயிரோட இருக்கியே, அது போதாதா?" என்பார்கள். உண்மைதான். 1912ல் வில்சன் என்ற நரம்பு மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது இது ஆளைக் கொல்லும் நோய். 1956ல் ஜான் வால்ஷ் என்ற டாக்டர் பெனிசிலமைன் என்ற மருந்தைக் கொடுத்துச் செம்பைச் சிறுநீரில் இறக்கலாம் என்று காட்டியிருக்காவிட்டால் இதைத் தட்டிக்கொண்டிருக்க நான் இருந்திருக்க மாட்டேன். அதற்காக, உயிர் இருக்கிறது, போதும் என்று கணக்கை மூடிவிட முடியுமா? நான் சாகாமல் இருப்பதை எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள், எப்படி வாழ்கிறேன் என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஈரலுக்கு ஒரு ஊரில் டாக்டர், நரம்புக்கு இன்னொரு ஊரில், கண்ணுக்கு வேறு நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீவு. உள்ளே போனால் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து "பாகுஸ், பாகுஸ்" (நல்லது, நல்லது) என்பார், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவேன். அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும், போன் வந்தால் எடுக்கப் பயந்து அடிக்க விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்காது. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று நானாகக் கேட்டு வாங்க ஆறு வருஷம் ஆனது. போன பிறகுதான் தெரிந்தது, முதல் வருஷமே போயிருக்க வேண்டியது.

மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. வெறும் வயிற்றில் போட வேண்டும், அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. ஆலையில் ஷிப்ட் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். 26 வயதில், பெண் பார்க்கப் போன இடத்தில் என் கையில் கோப்பி ஆடியதைப் பார்த்துவிட்டுப் பிறகு பதிலே வராமல் போன சமயம், வெறுத்துப்போய் நாலு மாதம் நிறுத்தினேன். உடனே ஒன்றும் ஆகவில்லை, அதுதான் இதில் ஆபத்து. நாலாவது மாதம் வயிறு வீங்கி மூன்று வாரம் வார்டில் கிடந்தேன்.

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று அம்மா காதுபடவே பேசுவார்கள். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும், மறுக்கவில்லை. ஆனால் இருவரிடமும் அந்தக் கோளாறான மரபணு ஒன்று இருந்தால் போதும், சொந்தமே இல்லாத வீட்டிலும் பிள்ளைக்கு வரலாம். எழுபது வயதில் அம்மாவை அழவைத்து என்ன ஆகப்போகிறது? அதற்குப் பதில் கூடப் பிறந்தவர்களைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அதில் பலன் இருக்கிறது. கூடப் பிறந்தவருக்கும் வர நாலில் ஒரு வாய்ப்பு. எனக்குக் கண்டுபிடித்த மாதமே தங்கைக்கும் பார்த்தார்கள், அவளுக்கும் இருந்தது. அப்போது அவளுக்கு வயது 16, ஓர் அறிகுறியும் இல்லை. குடல் செம்பை உறிஞ்சாமல் தடுக்கும் துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள். இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய், அவள் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நோய்க்காரர்கள் என்றால் நம்ப மாட்டீர்கள்.

அப்புறம் அந்தச் செம்புத் தண்ணி. தயவுசெய்து எனக்கு யாரும் அந்த வாட்ஸ்அப் வீடியோவை அனுப்பாதீர்கள். ராத்திரி செம்புக் குடத்தில் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சர்வ ரோகமும் போகுமாம். போன தீபாவளிக்குப் பெரியம்மா மதுரையிலிருந்து ஒரு செம்புக் கூஜாவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். செம்பு நிறைய இருக்கும் ஈரல், கெராங் (சிப்பி), நிலக்கடலை, சாக்லேட் எதுவும் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் பாதி போய்விடும், இதில் கூஜா வேறு. அம்மா அதைச் சாமி மேடையில் வைத்து மாவிலை செருகிவிட்டார்.

திங்கட்கிழமை மறுபடியும் 24 மணி நேரச் சிறுநீர் சேர்த்துக் கொடுக்க வேண்டும், எவ்வளவு செம்பு இறங்குகிறது என்று பார்க்க. பெரிய போத்தல், ஒரு சொட்டு விடக் கூடாது, ஆலைக்கும் கையோடு கொண்டுபோக வேண்டும். மோட்டாரில் மாட்டியிருக்கும் கறுப்புப் பையில் என்ன என்று யாரும் கேட்காதீர்கள். கேட்டால் தேன் என்றுதான் சொல்வேன்.