இருமுவதற்காகக் கவரியை இறக்குகிறவர்களே!

முகக் கவரியை, அதாவது மாஸ்க்கை, மோவாய்க்கு இறக்கிவிட்டுத்தான் ஒருவர் இருமினார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் வயிறு எரிகிறது. கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பினாங்கு ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கிளினிக். திங்கட்கிழமை காலை, உட்கார இடமில்லாத கூட்டம். அம்மாவுக்குக் காலில் ஒரு புண், அதைக் காட்டப் போயிருந்தோம். எதிர் நாற்காலியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். முகத்தில் நீலக் கவரி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொண்டை கரகரக்கும் போதெல்லாம் ஆள்காட்டி விரலைக் கவரிக்குள் விட்டுக் கீழே இழுப்பார். வாயைத் திறந்து, நெஞ்சு குலுங்க நாலு இருமல். கண்ணாடிக் கதவு வழியாக வந்த வெயிலில் எச்சில் பொடிப்பொடியாகத் தெறிப்பது தெரிந்தது. முடிந்ததும் கவரியை ஏற்றி, மூக்கின் மேல் இருக்கும் கம்பியை அழுத்திவிட்டு, கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இப்படி ஐந்து தடவையாவது நடந்திருக்கும்.

"அண்ணே, இருமும்போது மட்டும் கவரியை இறக்காதீங்க. அம்மா டயாலிசிஸ் செய்றவங்க" என்று நயமாகத்தான் சொன்னேன்.

"உள்ளுக்கே இருமினா ஈரமாயிடும்லமா. அப்புறம் எப்படி அதையே போட்டுக்கிட்டு உட்கார்றது?" என்றார்.

அவர் முரடர் இல்லை. தன்மையாகத்தான் பேசினார். எனக்கு அதுதான் கூடுதல் ஆத்திரம். இந்த மலேசியாவில் 2020 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கூட்டமான இடங்களில் கவரி கட்டாயம், போடாவிட்டால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் என்று இருந்தது. கட்டடத்துக்குள் கட்டாயமில்லை என்று 2022 செப்டம்பரில்தான் தளர்த்தினார்கள். பேருந்திலும் மருத்துவமனையிலும் 2023 ஜூலை வரைக்கும் போட்டோம். ஏறக்குறைய மூன்று வருடம்! கடைக்குள் நுழையக் கவரி, கோயிலுக்குள் நுழையக் கவரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கவரி. அத்தனை நாளும் காதில் மாட்டிக்கொண்டு திரிந்த ஒரு மனிதருக்கு, அது எதற்கென்று யாருமே சொல்லிக் கொடுக்கவில்லையா? அந்த ஈரம் கவரியில் தங்கத்தானே கவரி! அங்கே தங்காத ஈரம் எங்கே போகும்? என் அம்மா மூச்சு இழுக்கிற காற்றில் போய்க் கலக்கும்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். மருத்துவமனையில் சோதித்துவிட்டு இன்ஃபுளுவென்சா ஏ, ஃப்ளூ காய்ச்சல் என்றார்கள். டயாலிசிஸ் செய்கிற வீடுகளுக்கு அதன் அர்த்தம் தெரியும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கையில் இரண்டு பெரிய ஊசியோடு படுத்துக் கிடக்கிற உடம்பு. நோயை எதிர்க்கிற சக்தி முன்னமே குறைவு. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. நுரையீரலில் சளி கட்டி, ஆக்சிஜன் வைத்து, ஒன்பது நாள் வார்டில் இருந்தார். இரவில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், "கொஞ்சம் காத்து வேணும்" என்று என்னிடம் கேட்டார். ஜன்னலைத் திறந்தேன். என்னால் வேறென்ன செய்ய முடியும்?

அந்த மனிதரிடமிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. லிஃப்டில் வந்திருக்கலாம், கடையில் வந்திருக்கலாம். இன்ஃபுளுவென்சா உள்ளவருக்குத் தும்மல் ஆரம்பிக்கும் முன்னமே, ஒரு நாள் முந்தியே அடுத்தவருக்குத் தொற்றும். ஆனால் அந்த வாரம் எங்கள் முகத்துக்கு நேராக இருமியவர் அவர் ஒருவர்தான்.

வார்டுக்குப் பார்க்க வந்த மாமா ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "அக்கா எப்பவும் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தானே இருந்தாங்க? அப்படியும் வந்துடுச்சே. அதெல்லாம் வேலை செய்யாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்." அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு மூடுவதாக இல்லை.

மாமா, அம்மா போட்டிருந்தார். இருமியவர் போடவில்லை. பிரச்சினை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நீலக் கவரி கன்னத்தோரம் ஒட்டாது. இரண்டு பக்கமும் இடைவெளி உண்டு. காற்றில் மிதந்து வருவதில் ஒரு பங்கு அந்த வழியாக உள்ளே போகத்தான் செய்யும். அதனால் போட்டுக்கொள்கிறவருக்கு அது பாதிப் பாதுகாப்புத்தான். ஆனால் நோயாளியின் வாய்க்கு முன்னால் அதே கவரி இருந்தால் கதை வேறு. இருமலில் வெளியே வருகிற துளி, வாயைத் தாண்டும்போது பெரிதாக, ஈரமாக இருக்கும். துணியில் முட்டினால் அங்கேயே பிடிபடும். அதை வெளியே விட்டுவிட்டால் காற்றில் காய்ந்து, சுருங்கி, பொடியாகி, மூடிய அறையில் வெகு நேரம் மிதக்கும். அப்புறம் அதைப் பிடிக்க எதிரில் இருக்கிறவர் என்.95 என்கிற இறுக்கமான கவரி போட்டு, முகத்தோடு ஒட்டுகிறதா என்று தடவிப் பார்த்து உட்கார வேண்டும். வாயருகே சுலபமாகத் தடுக்கிற வேலையை நோயாளி செய்யவில்லை என்றால், அறையில் இருக்கிற முப்பது பேர் கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

"வைரஸ் அந்தத் துணியின் ஓட்டையைவிடச் சின்னது, எப்படித் தடுக்கும்?" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு படம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அனுப்புகிறவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது: வைரஸ் தனியாகவா பறந்து வருகிறது? எச்சிலில், சளியில் ஏறித்தானே வருகிறது? அதோடு கவரி மாவு சலிக்கிற சல்லடையும் இல்லை. நடு அடுக்கில் இருக்கிற நார்களுக்கு மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள், ஓட்டையைவிடச் சின்னத் தூசியையும் அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். அதைத் துவைத்துக் காயப்போட்டால் அந்தச் சக்தி போய்விடும், அதனால்தான் திரும்பப் போடாதே என்கிறார்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவள். கணினிச் சில்லு (சிப்) செய்கிற கிளீன் ரூம், தூசி நுழையக் கூடாத அறை. உள்ளே போகும் முன் தலைக்கு மூடி, முகத்துக்குக் கவரி, கைக்கு உறை, உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மூக்கு அரித்தாலும் தொட முடியாது. எங்களில் ஒரு பெண்கூட "இது என்னைப் பாதுகாக்குமா?" என்று கேட்டதில்லை. எங்கள் மூச்சும் எச்சிலும் அந்தச் சில்லில் பட்டால் அது கெட்டுப்போகும், அதற்காகத்தான் போட்டோம். அறுவை சிகிச்சை அறையில் டாக்டர் போடுவதற்கும் முதல் காரணம் அதுதானே, திறந்து கிடக்கிற வயிற்றில் தன் எச்சில் விழக்கூடாது. நகம் அளவு சில்லுக்காகப் பதினொரு வருடம் முகத்தை மூடினோம். நோயாளிகள் நிறைந்த அறையில் அரை மணி நேரம் மூட முடியாதா? கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும் என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அந்தப் பதினொரு வருடத்தில் கவரியால் மயங்கி விழுந்தவள் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுக்காரன் சொல்லிக் கொடுத்தது என்று நினைக்கிறவர்கள் நம் ஊர்க் கதையையே கேளுங்கள். டாக்டர் ஊ லியென் தே, 1879-ல் ஜோர்ஜ்டவுனில் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனவர். 1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கே ஹார்பினில் கொள்ளை நோய் (பிளேக்) பரவியபோது அவரைத்தான் அனுப்பினார்கள். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பரப்புகின்றன என்று எல்லாரும் நினைத்திருந்த நேரம். இது நுரையீரலில் வருகிற வகை, மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்குப் போகிறது என்று அவர் சொன்னார். மெல்லிய துணியை மடித்து, நடுவே பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டுகிற கவரி செய்து மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் கொடுத்தார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அவர் பேச்சை மதிக்கவில்லை, கவரி இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே நோயில் செத்தார். அந்தக் கொள்ளை நோயில் மாண்டவர்கள் சுமார் 60,000 பேர். நோயாளிகளைத் தனிமைப்படுத்தி, போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி, பிணங்களை எரித்து, கவரியும் போட்டுச் சில மாதங்களில் அதை அடக்கினார்கள். அந்த மனிதர் கடைசிக் காலத்தில் இங்கேயே வந்து 1960-ல் பினாங்கில் கண்ணை மூடினார். அவர் பிறந்த தீவில் நின்றுகொண்டு, நூறு வருடத்துக்குப் பிறகு, "கவரி எதற்கு?" என்று கேட்கிறோமே!

"ஆராய்ச்சியே சொல்லிவிட்டது, பயனில்லையாம்" என்று வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். எந்த ஆராய்ச்சி, என்ன கேட்டார்கள் என்று படித்தீர்களா? டென்மார்க்கில் 2020-ல் சுமார் 6,000 பேரை வைத்துச் செய்தார்கள். அவர்கள் பார்த்தது, போட்டவருக்குப் பாதுகாப்பா என்பதை மட்டும். உறுதியாகச் சொல்கிற அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, உண்மைதான். ஆனால் நோயாளி போட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று அதில் பார்க்கவே இல்லை. வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் 340,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்துச் செய்தார்கள். பாதிக் கிராமங்களில் கவரி கொடுத்து, சொல்லிச் சொல்லிப் பழக்கியும் 100-க்கு 42 பேர்தான் ஒழுங்காகப் போட்டார்கள், மற்ற கிராமங்களில் 13 பேர். அந்த அளவுக்கே, மருத்துவக் கவரி கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த கோவிட் 11 விழுக்காடு குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 விழுக்காடு. பாதிப்பேர்கூடப் போடாத ஊரில் கிடைத்த பலன் இது. 2023-ல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு வந்ததும் "கவரி பயனில்லை என்று நிரூபணம்" என்று கொண்டாடினார்களே, அப்படிப் படிப்பது தவறு என்று அந்த அமைப்பின் தலைமைப் பதிப்பாசிரியரே மார்ச் மாதம் அறிக்கை விட்டார். அதை ஒருவரும் எனக்குப் புலனத்தில் அனுப்பவில்லை.

கவரி போட்டால் எதுவும் வராது என்று நான் சொல்லவில்லை. காற்றோட்டம் வேண்டும், தடுப்பூசி வேண்டும், காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்க வேண்டும். அது எல்லாராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தினக்கூலிக்கு ஏது எம்.சி., மருத்துவ விடுப்பு? ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் காசு போச்சு. அவர்களை நான் திட்டமாட்டேன். எம்.சி. போட்டால் முகம் சுளிக்கிற முதலாளிகளைத்தான் திட்டுவேன். காய்ச்சலோடு ஆளை வரச்சொல்கிறீர்களே, ஐம்பது கவரி உள்ள ஒரு பெட்டியாவது வாசலில் வைக்கக் கூடாதா? இந்த நாட்டில் வருடத்துக்குச் சுமார் 25,000 பேருக்குக் காசநோய் வருகிறது. அதுவும் இருமலில்தான் பரவுகிறது. பக்கத்தில் மாதக்கணக்காக இருமுகிறவருக்கு வெறும் இருமல்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்துப்போய்விட்டார், வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு சொந்தக்காரத் திருமணம், போயே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தார். கவரியோடு போனோம். மண்டபத்தில் அத்தை முறையாகிற ஒருவர் எல்லார் முன்னாலும், "இன்னுமா கோவிட்டுக்குப் பயப்படுறீங்க? போட்டோ எடுக்கிறாங்க, கழட்டுங்க" என்று அம்மாவின் காதுப்பட்டையில் கையே வைத்துவிட்டார். அம்மா கூச்சத்தில் சிரித்துக்கொண்டே கழற்றப் போனார். நான்தான் அந்தக் கையைப் பிடித்து நகர்த்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அத்தைக்கு அன்று சளி பிடித்திருந்தது, குரல் கட்டியிருந்தது. கழற்றச் சொன்ன அவர்தான் போட்டிருக்க வேண்டியவர்.

நாளை அம்மாவுக்கு டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். கைப்பையில் அவருக்கு என்.95 ஒன்றும், தனியாக ஒரு பொட்டலத்தில் பத்து நீலக் கவரியும் எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்தில் யார் இருமினாலும் ஒன்றை எடுத்து நீட்டப்போகிறேன். "அண்ணே, இதுக்குள்ளேயே இருமுங்க. ஈரமானா இன்னொன்னு தர்றேன்."