அந்த "ஓரிரு இடங்கள்" எதுய்யா?

விடியக்காலை அஞ்சு மணிக்கே தெருவுல பாவு நீட்டியாச்சு. குடியாத்தத்துல தறிக்காரன் வீட்டுல பொறந்தவங்களுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக ரெண்டு வரி. லுங்கிக்கு நீளவாக்குல ஓடற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பெரிய பிரஷ்ஷால நீவி விட்டு, இளவெயில்ல காய விடணும். குறைஞ்சது ஆறு பேர் வேணும். எதிர்வீட்டு அக்கா அடுப்பை அணைச்சுட்டு வருவாங்க, பக்கத்து வீட்டு அண்ணன் பல்லு கூட விளக்காம வந்து நிப்பாரு. நாளைக்கு அவங்க பாவுக்கு நாம போய் நிக்கணும். ஆளு கூலி எல்லாம் கிடையாது, முறைதான்.

முந்தின ராத்திரி செய்தி ஓடுச்சு. வட கடலோர மாவட்டங்கள்ல கனமழை, உள் மாவட்டங்கள்ல ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்னு. அம்மா கேட்டாங்க.

"இன்னாடா சொல்றான்? பாவு போடலாமா வேணாமா?"

"நமக்கு லேசாதான்மா. அதுவும் ஓரிரு இடத்துலதான்."

"அந்த ஓரிரு எடம் எதுன்னு சொன்னானா?"

சொல்லலை. என்னைக்குமே சொன்னதில்ல.

ஆறே முக்காலுக்குக் கிழக்கால இருட்டிக்கிட்டு வந்தது. பாவைச் சுருட்ட நாலு பேர் ஓடி வர்றதுக்குள்ள கொட்டித் தீர்த்துடுச்சு. போட்ட கஞ்சி அத்தனையும் கரைஞ்சு சாக்கடையில பால் ஊத்தின மாதிரி வெள்ளையா ஓடுது. இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கொத்துக் கொத்தா நிக்குது. இதை இனிமே பிரிக்கிறதுக்குள்ள அம்மாவுக்குக் கண்ணு போயிடும். ஆறு அம்பத்தஞ்சுக்குப் போன்ல டிங்குன்னு ஒரு சத்தம். "அடுத்த 3 மணி நேரத்தில் வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." வாய்ப்பாம்! தலையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட நின்னு படிச்சேன். ஈர விரலுக்கு ஸ்கிரீன் வேற நகரல.

எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிச்சுட்டாங்க. "போனுக்கே இப்பதான்டா தெரிஞ்சிருக்கு, அதைத் திட்டாத."

திட்டாம? ஐப்பசி பொறந்து கார்த்திகை முடியற வரைக்கும் டிவியைப் போட்டா ஒரே காட்சி. மெரினாவுல ரெயின்கோட் போட்டுக்கிட்டு ஒருத்தர் காத்துல ஆடுவாரு. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இந்த நாலு பேரை மனப்பாடமா ஒப்பிப்பாங்க. துறைமுகத்துல எத்தனாம் எண் கூண்டு ஏத்திட்டாங்கன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. எங்க ஊர்ல கூண்டு ஏத்தத் துறைமுகம் இல்லதான், ஒத்துக்கறேன். மழை இருக்கே! கடைசியில மூச்சு வாங்கிக்கிட்டு, "மேலும் ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை..." நாங்க எப்பவும் அந்த "மேலும்"லதான்.

இந்த "ஓரிரு இடங்களில்"ங்கற வார்த்தைக்கு ஒரு கணக்கு இருக்குங்க. நான் நெனச்ச மாதிரி வாய்க்கு வந்ததைச் சொல்லலை. ஒரு பகுதியில இருக்கற மழைமானி நிலையங்கள்ல கால்வாசி இல்ல அதுக்கும் குறைவான இடத்துல மழை பதிவாகும்னா அதுக்குப் பேர்தான் "ஓரிரு இடங்கள்". பரப்பு எவ்வளவுங்கறதைச் சொல்லற வார்த்தை அது, எங்க பெய்யும்ங்கறதைச் சொல்லற வார்த்தை இல்ல. காட்பாடியில காய்ஞ்சு கிடந்து மேலாலத்தூர்ல குளம் ரொம்பினாலும் அறிக்கை சரிதான். குடியாத்தத்துல என் பாவு நனைஞ்சதும் சரிதான். எப்படிப் பெய்ஞ்சாலும் பொய் ஆகாத மாதிரி ஒரு வாக்கியம். எங்க பாவுக்கு இப்படி ஒரு இன்சூரன்ஸ் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

அதை விடுங்க. பருவம் தொடங்கறப்ப ஒரு முன்னறிவிப்பு வரும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "வடகிழக்குப் பருவமழை இயல்பையொட்டி இருக்கும்." தென்னிந்தியாவுக்கு அந்த இயல்புங்கறது நீண்டகாலச் சராசரியில 88 சதவீதத்துல இருந்து 112 சதவீதம் வரைக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்தையும் ஒரே மூட்டையா கட்டிச் சொல்லற எண்ணு. ரெண்டே நாள்ல ஊரை அடிச்சுட்டுப் போய், மீதி தொண்ணூறு நாள் பல்லைக் காட்டினாலும் கூட்டிப் பார்த்தா இயல்பு. 2016ல தமிழ்நாட்டுக்கு இந்தப் பருவத்துல 62 சதவீதம் குறைச்சல். 2021ல கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடுதல். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் பாருங்க, அழகா இயல்பு வரும். அந்த இயல்புல எவன் வாழ்ந்தான்? ஒரு வருஷம் கெணத்துல கல்லு தெரிஞ்சுது, இன்னொரு வருஷம் தறிக்குழியில மீன் விடலாம் போல இருந்துச்சு.

அந்த 2021ஐ மறக்க முடியுமா. நவம்பர் 19 விடியக்காலை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. கடலோரம் அப்பாடான்னு பெருமூச்சு விட்டுச்சு. அதே நாள் விடியறதுக்குள்ள பேர்ணாம்பட்டுல வீடு இடிஞ்சு விழுந்து ஒன்பது பேர் செத்தாங்க, குழந்தைகளும் சேர்த்து. பாலாத்துல 1903க்கு அப்புறம் பார்க்காத வெள்ளம்னு பெரியவங்க சொன்னாங்க. மாதனூர் - உள்ளி தரைப்பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. ஆம்பூருக்குக் கட்டிக் கொடுத்த என் தங்கச்சியைப் பார்க்க ஊரைச் சுத்திப் போனோம் எத்தனையோ நாள்.

"கரையைக் கடந்தது, வலுவிழந்தது"ன்னு சொன்னதும் எல்லாரும் சேனலை மாத்திடறாங்க. வலுவிழக்கறது காத்துதாங்க. அது இழுத்துட்டு வந்த ஈரம் எங்க போகும்? மெல்ல மேற்கால நகர்ந்து வந்து ஜவ்வாது மலையிலயும் இந்தப் பக்கத்துக் குன்றுகள்லயும் முட்டி, அப்படியே உக்காந்து பெய்யும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறுச்சு. அதுக்கப்புறம்தான் கதையே. கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அந்தாண்ட, எங்க திருப்பத்தூருக்குத் தெற்கால இருக்கற ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில மலை சரிஞ்சு ஒரே வீட்டுல இருந்த ஏழு பேர் புதைஞ்சு போனாங்க. ஊத்தங்கரைக்கு எந்தக் கடல், சொல்லுங்க?

நான் ஒண்ணும் கணிக்கறவங்களைக் குறை சொல்லறவன் இல்ல. ஒரு இடிமேகம் எந்தத் தெரு மேல உடையும்னு எந்தக் கம்ப்யூட்டராலயும் முந்தின ராத்திரி சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா ஆறு வர்றது அப்படியில்லையே. எங்க கவுண்டன்யா ஆத்துக்குத் தண்ணி வர்றது ஆந்திரா பலமநேர் காட்டுல இருந்து. அங்க பெஞ்சா மோர்தானா அணை ரொம்பி வழிஞ்சு குடியாத்தம் ஊருக்குள்ள பாயும். பொன்னை ஆத்துக்கும் அதே கதைதான், ஆந்திராவுல கலவகுண்டா அணையைத் திறந்தா இங்க வெள்ளம். மேல பெஞ்சது கீழ வர நேரம் ஆகும் இல்ல? அந்த நேரமாவது எங்களுக்கு வேணும். ஆனா மாநில எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெய்யற மழை இந்தப் பக்கத்து டிவிக்கு மழையே இல்ல. எங்களுக்குச் சேதி வர்றது ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு, "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும்"னு. அதுக்குள்ள பாலத்துக்கு அடியில தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும்.

பள்ளிக்கூட லீவு இன்னொரு கூத்து. 2019ல எங்க வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சாங்க. மழைக்கு அது தெரியல. மாதனூர் தாண்டினா திருப்பத்தூர் மாவட்டம், அங்க லீவு. எங்களுக்கு லீவு இல்ல. இல்லன்னா நாங்க பிள்ளைக்குக் குடை பிடிச்சு, ஷூவுல தண்ணி ரொம்பி, பள்ளிக்கூட வாசல்ல கொண்டு போய் விட்ட பிறகு லீவு. என் பையன் இப்பல்லாம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி "பா, ரெட்டா ஆரஞ்சா?"னு கேக்கறான். எங்க லுங்கிக் கட்டத்துல கூட இத்தனை கலர் கிடையாதுடா, படுன்னேன். மஞ்சள்னு சொன்ன அன்னைக்குத்தான் பெருசா பெஞ்சுது. ரெட்டுன்னு சொன்ன அன்னைக்கு அம்மா மாடியில மொளகா காய வெச்சாங்க.

இப்ப மணி ஒன்பது. வெயில் சுள்ளுனு அடிக்குது, வேலூர் வெயில்னா சும்மாவா. தறிக்குழியில முழங்கால் அளவு ஊத்து. குழித்தறிங்க, காலைக் குழிக்குள்ள விட்டு மிதி மிதிச்சாதான் துணி. மேல மழை நின்னாலும் பூமிக்குள்ள இருந்து நாலஞ்சு நாளைக்கு ஊறிக்கிட்டே இருக்கும். மிதிகட்டை உப்பிப் போய் அசைய மாட்டேங்குது. அம்மா சொம்பால மொண்டு பக்கெட்டுல ஊத்தறாங்க, நான் தூக்கிட்டுப் போய்த் தெருவுல ஊத்தறேன். இருபத்தி மூணு பக்கெட் ஆச்சு. முதலாளிக்குப் போன் பண்ணி இந்த வாரம் துணி வராதுன்னு சொல்லணும். கூலி? நெய்ஞ்சாதான் கூலி.

பக்கத்து வீட்டு அண்ணன் இப்பதான் எட்டிப் பார்த்துட்டுப் போறாரு. நாளைக்கு விடியக்காலை அவரு பாவு. "செய்தியில இன்னா சொன்னான் தம்பி?"னு கேக்கறாரு. போனை எடுத்துப் பார்த்தேன்.

ஓரிரு இடங்களில்.

வர்றேன்ணா, அஞ்சு மணிக்குன்னு சொல்லிட்டேன். தார்ப்பாய் ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்கன்னேன். தெரு நீளத்துக்குத் தார்ப்பாய் யாருகிட்டடா இருக்குன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.