கழுத்தில் தொங்கிய மட்டை

கச்சானுக்குத் தண்ணீர் கட்டும் காலம் அது. பரந்தனுக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரில், நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றைத் திருடிய பத்தொன்பது வயதுப் பையனைப் பிடித்து, வாசிகசாலை முன்றலில் இருந்த கொங்கிறீட் தூணில் கட்டினார்கள். சவர்க்காரப் பெட்டியின் மட்டையைக் கிழித்து, ‘நான் மிசின் கள்ளன்’ என்று எழுதி, சணல் கயிற்றில் கோத்து அவனுடைய கழுத்தில் தொங்கவிட்டார்கள். காற்றில் மட்டை புரண்டு எழுத்து மறைந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் போய் அதைத் திருப்பிவிட்டார். காணொளி எடுத்தவர்கள் அதுவரை பொறுத்திருந்தார்கள். நானும் அங்கே நின்றேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சில நாட்களாக முகநூலில், கள்ளர்களைச் சந்தியில் கட்டிவைத்தால்தான் நாடு திருந்தும் என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அன்று சொல்லாததை இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் திருடியது உண்மை. இயந்திரத்தைப் பறிகொடுத்தவர் மனைவியின் சங்கிலியை அடைவு வைத்து அதை வாங்கியிருந்தார். பூக்கும் பருவத்தில் நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் போனால் கச்சான் என்ன ஆகும் என்பது வன்னியில் தோட்டம் செய்கிற எவருக்கும் தெரியும். பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டுத் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் கூலியிழந்து நிற்பதைவிட, அகப்பட்டவனை அங்கேயே கட்டிப்போடுவது மேல் என்று அவர் நினைத்ததை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் நியாயமான கோபம் கையில் எடுக்கிற எதுவும் தண்டனை ஆகிவிடாது.

தண்டனை என்றால் அதற்கு அளவும் முடிவும் இருக்க வேண்டும், குற்றம் செய்தவன் மேல் மட்டுமே அது விழவும் வேண்டும். நீதவான் அவனுக்குத் தண்டப்பணமும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் விதித்தார். அந்த ஐந்து ஆண்டுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. தூணில் கட்டிய காணொளிக்கு அப்படி ஒரு நாள் இல்லை. அவனுடைய தங்கை அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். தனியார் வகுப்பில் பின்வாங்கிலிருந்து ‘மிசின்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் வகுப்பை விட்டாள், பிறகு பள்ளிக்கூடத்தையும் விட்டாள். அவள் எதைத் திருடினாள்? ஒருவரை அப்பாவின் பெயரால், வளவின் பெயரால் அறிகிற எங்கள் ஊர்களில் அவமானத்தை ஒருவனுக்கு மட்டும் அளந்து கொடுக்க முடியாது. அது வீடு முழுவதற்கும் போய்ச் சேரும். நுண்கடன் தவணை கட்டவில்லை என்று பெண்களின் வீட்டுப் படலையில் வசூலிப்பவர்கள் குந்தியிருந்தபோது, அக்கம்பக்கம் பார்க்கிறது என்ற ஒன்றே எத்தனை பெண்களை ஒடுக்கியது என்பதைக் கண்ட மக்கள் நாங்கள்.

அன்று கூட்டத்தில் ஒரு வயதான அம்மா நின்றார். மட்டையை வாசித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். எண்பதுகளில் ஆயுத இயக்கங்களால் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்திலும் இப்படித்தான் மட்டை தொங்கியது. கள்ளன், சமூக விரோதி, காட்டிக்கொடுத்தவன் என்று எழுதியிருந்ததை வாசித்தோம், நம்பினோம், கடந்து போனோம். எழுதியவரைக் கேள்வி கேட்க வழி இருக்கவில்லை. பையனை யாரும் சுடவில்லை, இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் விசாரணைக்கு முன்னரே தீர்ப்பை ஒரு மனிதனின் உடம்பில் எழுதித் தொங்கவிடுகிற பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் குற்றவாளியின் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டிச் சந்தையில் நிறுத்தும் தண்டனை 1837 வரை சட்டத்தில் இருந்தது. சிலர் மேல் சனம் அழுகிய காய்களை எறிந்தது. சிலர் கல்லெறி பட்டே செத்தார்கள். 1703இல் அரசை எரிச்சலூட்டும் துண்டுப்பிரசுரம் எழுதியதற்காக நிறுத்தப்பட்ட டேனியல் டீஃபோவுக்குப் பூக்கள் எறியப்பட்டதாகச் சொல்வார்கள். தண்டனையின் அளவை நீதிபதி தீர்மானிக்காமல், அன்று கூடிய கூட்டத்தின் விருப்பு வெறுப்புத் தீர்மானித்தது. எங்கள் வாசிகசாலை முன்றலிலும் அதுதான் நடந்தது. தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய, சொந்தக் காணி இல்லாத ஒரு குடும்பத்தின் பிள்ளை அவன். இரவோடிரவாக டிப்பர் டிப்பராக ஆற்று மணலை ஏற்றிப் போகிறவர்களை எங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்களில் ஒருவரையாவது யாராவது தூணில் கட்டினார்களா? கோயில் திருவிழாவில் அவர்களுக்கு முன்வரிசையில் கதிரை போடுகிறோம்.

சட்டம் சொல்வதும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடூரமான, இழிவான தண்டனைக்கு எவரையும் உட்படுத்தக்கூடாது என்கிறது இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. கசையடித் தண்டனையை இந்த நாடு 2005இல் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. சந்தேகநபரின் படத்தைப் பகிர்வதால் வழக்கே கெட்டுப் போவதும் உண்டு; சாட்சி அந்த முகத்தை முன்னரே முகநூலில் பார்த்துவிட்டால், அடையாள அணிவகுப்பில் அவர் அடையாளம் காட்டுவதற்கு என்ன பெறுமதி? சிறுமிகள் பாதிக்கப்பட்ட வழக்குகளில் இது இன்னும் கொடிது. பாதிக்கப்பட்டவரை வெளிக்காட்டுவது குற்றம் என்று சட்டம் சொல்கிறது, நாங்களோ சந்தேகநபரான தகப்பனின் படத்தைப் போட்டு, யாருடைய பிள்ளை என்பதை ஊருக்கே சொல்லிவிடுகிறோம்.

வெட்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை ஒன்றில், பக்கத்து வளவு ஆட்டைக் களவாக விற்ற ஒருவர் ஆட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசை விளிம்பையே விரலால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். “அக்கா, மாசாமாசம் தந்து முடிக்கிறன்” என்று அவர் சொன்னபோது குரல் எழும்பவில்லை. அந்த அறையில் மூன்று மத்தியஸ்தர்களும் இரண்டு குடும்பங்களும் மட்டுமே இருந்தார்கள். எவரும் படம் எடுக்கவில்லை. பணம் கொடுத்து முடிந்தது, இப்போது இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு.

அந்தப் பையனின் காணொளி எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் இன்னும் கிடக்கிறது. அதை எடுத்துவிடும்படி நிர்வாகியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன், இந்தக் கிழமையும் கேட்பேன். இதை வாசிக்கிறவர்களில் யாரிடமாவது அது இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள்.