கோட்டை என்றார்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது?

இடைத்தேர்தல் என்ற பேச்சு எழுந்தாலே முகநூலில் நம் ஆட்கள் பாடும் பாட்டு ஒன்றுதான்: "தோட்டத்துச் சனம் ஒரு அரிசி மூட்டைக்கு ஓட்டை வித்துடுச்சு." மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா நகரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறவர்கள் ஒரு உலு சிலாங்கூர்க்காரன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதி 1990 முதல் 2008 வரை தேசிய முன்னணிக் கூட்டணியைச் சேர்ந்த ம.இ.கா.வின் (மலேசிய இந்திய காங்கிரஸின்) கோட்டை. பழனிவேல் தொடர்ந்து நான்கு தவணை. கோட்டை என்றால் கட்சிக்குக் கவலையில்லை, வேட்பாளருக்கும் கவலையில்லை. கவலையெல்லாம் எங்களுக்குத்தான். பால்மரம் வெட்டினார்கள், செம்பனை நட்டார்கள், தோட்டம் கைமாறியது, லயத்தை (தோட்டத்துக் குடியிருப்பை) காலி செய்யச் சொன்னார்கள். போய்க் கேட்டால் "பார்க்கலாம்". 2008 மார்ச்சில் அந்தக் கோட்டை போனது வெறும் 198 ஓட்டில்! எங்கள் மாரியம்மன் திருவிழா அன்னதான வரிசையே அதைவிட நீளம்.

ஜெயித்த எதிர்க்கட்சி பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) உறுப்பினர் ஜைனால் அபிடின் 2010 மார்ச்சில் காலமானார். ஏப்ரல் 25 இடைத்தேர்தல், ம.இ.கா.வின் கமலநாதனும் பி.கே.ஆரின் ஜைட் இப்ராஹிமும் மோதினார்கள். அந்த ஒரு மாதம் எங்களுக்கு வந்த மரியாதை இருக்கிறதே! கோயிலுக்குப் போகும் பாதை வருஷக்கணக்காகக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. மனு எழுதி எழுதி நிர்வாகத்தினருக்கே சலித்துவிட்டது. ஒருநாள் காலையில் தார் லோரி வந்து நிற்கிறது. "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும், ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) வராரு" என்றான் வேலைக்கு வந்த தம்பி. தார்ச் சூடு ஆறவில்லை, அதற்குள் கொடி கட்டிய கார்கள் வந்துவிட்டன. (அந்த ரோட்டின் ஓரம் அடுத்த மழைக்கே பெயர்ந்தது வேறு கதை.)

எங்கள் தொகுதியில் ராசா என்ற ஊரின் சீனப்பள்ளிக்கு 3 மில்லியன் வெள்ளி தருகிறேன், ஜெயிக்க வையுங்கள், திங்கட்கிழமை வந்து என்னைப் பாருங்கள் என்று அப்போதைய பிரதமர் நஜிப்பே பேசினார். கமலநாதன் 1,725 ஓட்டில் ஜெயித்தார். நாட்டின் பிரதமரே பேரம் பேசிய தேர்தலில், மூட்டையை வாங்கிக்கொண்டு போன பாட்டிதான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறாரா?

மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. அந்தத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நாங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. பொதுத்தேர்தலில் 222 தொகுதிக் கூச்சலில் எங்கள் குரல் யாருக்குக் கேட்கும்? இடைத்தேர்தல் வந்தால்தான் கோலாலம்பூருக்கு எங்கள் ஊர்ப் பாதை ஞாபகம் வருகிறது. அப்போது கேட்காமல் எப்போது கேட்பது?

ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஆட்சி மாறியும் காத்திருந்தார்கள். 2024 மே மாதம் எங்கள் தொகுதிக்குள் இருக்கும் கோல குபு பாருவில் சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தபோதுதான் 245 வீடுகள் என்ற அறிவிப்பு மேடையேறியது. நாள்தோறும் பிரச்சினையைச் சொல்லிச் சொல்லி வேட்பாளர்களைத் தூங்கவிடாமல் செய்தவர்கள் அந்தக் குடும்பங்கள். அரிசி மூட்டையோடு அவர்கள் திருப்திப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பும் வந்திருக்காது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தொகுதியிலும் இதே கதைதான். ம.இ.கா. 2013இல் 462 ஓட்டிலும் 2018இல் 597 ஓட்டிலும் தப்பிப் பிழைத்துவிட்டு அதையும் கோட்டை என்றது. ஓட்டுக்குப் பணம் கொடுத்தது நிரூபணமாகி நீதிமன்றம் 2018 வெற்றியை ரத்து செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ம.இ.கா. தொகுதியை விட்டுக்கொடுக்க, தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் ஜெயித்து மக்களவைக்குள் போன முதல் பூர்வகுடி உறுப்பினரானார். "நம்ம சீட் போச்சே" என்று பலர் புலம்பினார்கள். எனக்கு ஒரு சொட்டு வருத்தமில்லை. நம்ம சீட் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் என்ன மாறியது, அதைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை எங்கள் பக்கம் எந்தக் கட்சி வந்தாலும் மாலையும் உறுமி மேளமும் வேண்டாம் என்று கோயில் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். நிலப்பட்டா யார் பெயரில், எந்தத் தேதிக்குள், கையெழுத்துப் போடப்போவது யார்? ஹாம்பர் (அன்பளிப்பு) பையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். பையை அப்புறம் வாங்கிக்கொள்கிறோம், அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை.