துறவி திரும்பிவிட்டாராம்

சரி, அந்த ஸ்கிரீன்ஷாட்டை நானும் பார்த்துவிட்டேன். ஆறு பேர் இன்பாக்ஸில் அனுப்பியிருந்தீர்கள், அக்கறைக்கு நன்றி. சமூக ஊடகத்திலிருந்து இடைவெளி எடுக்கிறேன் என்று நாற்பது நாளைக்கு முன்பு நான் எழுதிய "கொஞ்ச காலம் இந்தப் பக்கம் வரமாட்டேன்" பதிவும், திரும்பி வந்து போட்ட நேற்றைய பதிவும் அருகருகே. மேலே, "துறவி திரும்பிவிட்டார்". கீழே, "எல்லாம் நாடகம்". எனக்கே சிரிப்பு வந்தது, ஒரு அரை நிமிடம்.

கொஞ்ச காலம் என்றுதானே சொன்னேன்? லீவு முடிந்து வேலைக்கு வருகிறவரிடம் "ராஜினாமா என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்பார்களா?

"சத்தமில்லாமல் போயிருக்கலாமே, அறிவிப்பு எதற்கு?" இது நியாயமான கேள்விதான். சொல்லாமல் போனால் எனக்கு என்னவோ ஏதோ என்று நீங்கள் பதறுவீர்கள் என நினைத்தேன். அப்படி ஒரு நினைப்பு!

"மனக்கட்டுப்பாடு இருந்தால் போதுமே" என்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். திரையை உருட்ட உருட்டப் பதிவுகள் முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறதே, அதை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வருந்தினார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கர், மனித மனதின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்தினோம் என்று 2017-ல் வெளிப்படையாகவே சொன்னார். கட்டியவர்களே ஒப்புக்கொண்ட பிறகும் நான் மட்டும் மனக்கட்டுப்பாட்டை மடியில் கட்டிக்கொண்டு இதன் முன்னால் உட்கார வேண்டுமாம். இடைவெளி எடுப்பது துறவறம் இல்லை ஐயா. என் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று நானே முடிவு செய்துபார்த்தேன், அவ்வளவுதான்.

முதல் வாரம் கேவலமாக இருந்தது. செயலியை நீக்கியதும் அந்த இடத்துக்கு கால்குலேட்டர் நகர்ந்து வந்துவிட்டது. கட்டைவிரலுக்கு அது தெரியவில்லை. பல் தேய்க்கும்போது கால்குலேட்டர், சாப்பிடும்போது கால்குலேட்டர். கூட்டவும் கழிக்கவும் ஒன்றுமில்லாமல் பூஜ்யத்தையே வெறித்துப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அப்பா. அவர் சைக்கிள் தொலைத்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் எப்போதும் போனைப் பார்த்தபடி "ம்" கொட்டுவேன். இந்த முறை முழுதாகக் கேட்டேன். சைக்கிள் தொலையவே இல்லையாம், நண்பரின் கடனுக்காக விற்றுவிட்டு வீட்டில் அப்படிச் சொன்னாராம். "இதை ஏம்பா இத்தனை நாள் சொல்லல?" என்றேன். "சொல்லிருக்கேனே, ரெண்டு தடவை" என்றார்.

இதைத்தான் நாடகம் என்கிறீர்கள்.

2018 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஓர் ஆய்வு நடந்தது. காசு கொடுத்து ஆட்களை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டு விலகியிருக்கச் செய்தார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சியது, மனநிலையும் கொஞ்சம் தேறியது. ஆனால் நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் எனக்கும் அதுதான் நடந்தது. நம் வட்டத்தில் ஒருவருடைய அம்மா இறந்த செய்தி பதினொரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. போய் நின்றபோது அவர் என் முகத்தைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. "இதற்குத்தான் இங்கேயே இருக்கணும்" என்று நீங்கள் சொன்னால் வாயை மூடிக்கொள்வேன்.

மூடிக்கொண்டிருப்பேன், ஒரு விஷயம் உறுத்தாமல் இருந்தால். அந்த இரங்கல் பதிவின் கீழே கைகூப்பிய உங்களில் எத்தனை பேரிடம் என் எண் இருக்கிறது? "இவன் இப்போ இங்க இல்லையே, ஒரு வார்த்தை சொல்லிடுவோம்" என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. செய்திக்கு மட்டுமில்லை, சும்மா "இருக்கியா?" என்று கேட்கவும் நாற்பது நாளில் ஒரு அழைப்பு இல்லை. நான் திரும்பி வந்த பத்தாவது நிமிடத்தில் பழைய பதிவைத் தோண்டியெடுக்க மட்டும் ஆள் இருந்தது.

எண் மாறவில்லை. பழையதுதான்.